எதிர்ப்பாயில் ஒரு பகல்: ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன்

கண்டி–மாத்தளை ரயிலைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதிய பிறகு மூன்று பேர் ரிவர்ஸ்டன் மலைக்கு வழி கேட்டிருந்தார்கள். ஒருவர், இப்போதைய போர் நிலைமையில் அங்கெல்லாம் போகலாமா என்றும் கேட்டிருந்தார். போகலாம். இந்த 2007 பெப்ரவரி பௌர்ணமிப் போயா தினத்தன்று நான் போய் வந்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு, இடது முழங்காலில் வாதம். என்னால் முடிந்தது உங்களாலும் முடியும்.

நான் போனது காட்சி பார்க்க அல்ல, பாட. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் பெரிய கிளாக்கராக இருந்தார். அந்தக் காலம் முதல் ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் நண்பர்கள் அங்கே கூடி நாட்டுப் பாடல் பாடுவது வழக்கம். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. ஒரு தப்பு, கையால் தட்டும் ஒரு ரபான், வருகிறவர்களின் தொண்டை, அவ்வளவுதான். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த ஆண்டும், எண்பத்தொன்பது வன்முறையின்போதும் கூடவில்லை. மற்ற ஆண்டுகளில் தவறவில்லை. நாள் எப்போதும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய போயா. போயாவுக்கு எல்லோருக்கும் விடுமுறை. தவக்காலம் தொடங்கிவிட்டால் நான் கும்மி பாட மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காலையில் அவரவருக்கு வந்ததைப் பாடுவோம். சாப்பாட்டுக்குப் பிறகு எசப்பாட்டு. அதன் விதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பாய்களை எதிரெதிரே போடுவார்கள். ஒரு பாயில் இருப்பவர் எதிராளியைச் சீண்டிப் பாட வேண்டும். பாட்டு முடிந்ததும் தப்பு மூன்று சுற்று அடிக்கும். மூன்றாவது சுற்று முடிவதற்குள் எதிராளி அதே மெட்டில் புதிதாகக் கட்டிப் பதில் பாட வேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி. பாயை விட்டு இறங்கினாலும் தோல்வி.

ஒரு பாய் எப்போதும் மருதமுத்துவுடையது. தோட்டத்து லொறி டிரைவராக இருந்தவர், இப்போது ரத்தோட்டையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார், எழுபது வயது. எதிர்ப்பாய் என் கணவருடையது. சுற்று எண்ணுவது என் வேலை. கொன்வென்டில் படித்தவள், கணக்கில் பிசக மாட்டாள் என்று சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். கணவர் காலமான பிறகு இரண்டு ஆண்டுகள் எதிர்ப்பாய் விரிக்கப்படவில்லை. இந்த ஆண்டு அதை விரிக்க வேண்டும், அதில் நான் உட்கார வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் கண்டியில் ரயில் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ரயில் காலை ஏழு மணிக்கு. மூன்றாம் வகுப்பு போதும், பதினைந்து ரூபாய். கட்டுகஸ்தோட்டையில் பாலம் கடக்கும்போது ஆறு தெரியும் பக்கம் இடது கைப் பக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். இரு பக்கமும் தெரியும். வத்துகாமத்தில் வடைக்காரர் ஏறுவார். அவருடைய வடை சூடாக இருக்கும், அதைத் தவிர அதில் விசேஷம் எதுவும் இல்லை. எட்டே கால் மணிக்கு உக்குவளையில் இறங்கினேன்.

உக்குவளையில் இருப்பவள் சுலைஹா. கொன்வென்டில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். ரபான் அவளுடைய வாத்தியம். அவள் ஒரு வான் வண்டியை நாள் முழுவதற்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பேசி வைத்திருந்தாள். சாரதியின் பெயர் சமன், அம்மா என்பதற்கு 'நோனா' என்று சொல்லும் சிங்களவர். ரிவர்ஸ்டன் வரை போய் வர இது நியாயமான தொகை. மாத்தளையில் பஸ் நிலையத்துக்கு முன்னால் நிற்கும் வான்காரர்கள் மூவாயிரத்துக்குக் குறைய மாட்டார்கள்.

வான் மாத்தளையைத் தாண்டியதும் சுலைஹா தொண்டையைச் செருமினாள். "பிலோ, ஒண்டு செல்லப் போறன், கோவப்படாத."

"சொல்லு, பிறகு பார்க்கலாம்."

"எதிர்ப்பாய்ல இந்தத் தடவ பிரகாஷ ஒக்கார வைக்கப் போறாங்களாம். ஆரோக்கியத்துட தங்கச்சி மகன். மாத்தளையில கலியாண வீடுகள்ல பாடுறவன்."

ஆரோக்கியம் எங்கள் தப்புக்காரர். அவருடைய வீட்டு முற்றத்தில்தான் கூடுவோம்.

"பாட்டுக் கட்டுவானா?" என்று கேட்டேன்.

"அது தெரியா. கொரல் நல்லா ஈக்கி."

"குரல் ஆட்டுக்கும்தான் இருக்கு."

சுலைஹா என்னை உற்றுப் பார்த்தாள். "அடியே, நீ ஒக்காரலாம்டு பாக்கிறியா?"

"ஏன், கூடாதா?"

"கூடும். ஆனா நீ ஒக்காந்தா சுத்து எண்ண ஆளில்லையே!"

முன்னால் இருந்த சமன் சிரித்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

ரத்தோட்டைக்குச் சற்று முன் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும், பைகளைத் திறக்க வேண்டும். அட்டையைப் பையின் அடியில் போட்டுவிட்டுத் தேடுகிறவர்களால்தான் வரிசை நீளுகிறது. தயவுசெய்து கையிலேயே வைத்திருங்கள். ரபானைப் பார்த்த சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுலைஹா வாங்கி நான்கு தட்டுத் தட்டிக் காட்டினாள். அவரும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எங்க ஊட்டுப் பேரப் புள்ளயும் இப்பிடித்தான் தட்டும்" என்றாள் சுலைஹா, வானுக்குள் ஏறிய பிறகு.

முதலில் ரிவர்ஸ்டன் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஆரோக்கியம் வீட்டுக்குப் போவது நல்லது. மதியத்துக்குப் பிறகு மேலே பனி மூடிவிடும். ரத்தோட்டையிலிருந்து ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீட்டர். ஒரு மணி நேரம் எடுத்தது. பாதை ஒடுக்கம். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், அது எப்போதும் வான்தான். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் குளிர் சட்டென்று மாறும்.

மேலே காற்று பலம். சமன் வானைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். "நோனா, கதவ மெல்ல தொறங்க. போன மாசம் ஒரு நோனாட குடை இங்க விட்டது, கீழ லக்கலயில எறங்கினது."

"குடைக்கு டிக்கெட் எடுத்தாங்களா?" என்று சுலைஹா கேட்டாள்.

"இல்ல நோனா. லக்கலக்குப் போற பஸ்ஸை விட அது நேரத்துக்குப் போனது."

இருபது நிமிடம் நின்றோம். கிழக்கே லக்கல பக்கம் வயல்கள் சிறு பச்சைத் துண்டுகளாகத் தெரிந்தன, பிறகு மேகம் மூடியது, பிறகு மறுபடி தெரிந்தன. புல்வெளியில் நடக்கலாம். உச்சியில் இருக்கும் ஒலிபரப்புக் கோபுரத்தைப் படம் எடுக்காதீர்கள். அங்கே காவல் இருக்கிறது, கமராவை வாங்கிவிடுவார்கள். கழிப்பறை கிடையாது. இதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பதினொரு மணிக்கு ஆரோக்கியம் வீட்டில் இருந்தோம். வீதியிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும், கைப்பிடி கிடையாது. மருதமுத்துவும் அவர் மனைவி ராசம்மாவும் முன்பே வந்திருந்தார்கள். ராசம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். பிரகாஷ் மாமரத்தடியில் நின்று குரலைச் சரிசெய்துகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். என்னைக் கண்டதும் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டான். நல்ல வளர்ப்பு. அதைச் சொல்லாமல் விட முடியாது.

"வாங்க கிளாக்கரம்மா!" என்றார் மருதமுத்து. "கணக்கு எழுத வந்துட்டாங்க, இனி யாரும் கள்ளச் சுத்து அடிக்க ஏலாது."

"நீங்க அடிக்காத கள்ளச் சுத்தா மருதமுத்தண்ணே" என்றேன்.

காலைப் பாட்டு நன்றாக நடந்தது. ஆரோக்கியம் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். மலைக் காற்றில் தோல் நெகிழ்ந்துவிடும், அரை மணிக்கு ஒரு தரம் நெருப்பில் காட்டினால்தான் ஓசை எழும். ராசம்மா கொழுந்துப் பாட்டு பாடினார். சுலைஹா தன் வீட்டுக் கலியாணப் பாட்டுகளை ரபானோடு பாடினாள். பிரகாஷும் பாடினான், நல்ல குரல்தான். பாட்டு முடிந்ததும் கை தட்டலுக்காக ஒரு கணம் நிற்கிறான், அது ஒன்றுதான் குறை. சாப்பாடு தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், நெத்தலிக் கருவாடு, மரவள்ளிக் கிழங்கு. சுலைஹா கொண்டுவந்த வட்டலப்பம் கடைசியில். பிளேன்டி எத்தனை தரம் வந்தது என்று நான் எண்ணவில்லை.

பிறகு பாய்கள் வந்தன. மருதமுத்து தன் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஆரோக்கியம் எதிர்ப்பாயை விரித்து, என்னைப் பார்த்து, "அம்மா, ஒங்களுக்கு வருத்தம் இல்லியே? பிரகாஷ் ஒக்காரட்டுமா?" என்றார்.

வேண்டாம், நான் உட்காருகிறேன் என்று சொன்னால் அது அனுதாபத்துக்குக் கிடைத்த இடமாகிவிடும். "உக்காரட்டும். நான் எண்ணுறேன்" என்றேன்.

மருதமுத்து காத்திருக்கவில்லை.

மாத்தளைச் சந்தியில மைக்குப் புடிச்ச தம்பி
மைக்கு இல்லாட்டி ஒனக்கு மூச்சு வருமா தம்பி?
கூத்தாடும் எங்களோட குந்திப் பாட வந்தியே
கொண்டு வந்த பாட்டு தீந்தா கூடப் பாட யாரு தம்பி?

தப்பு சுற்றத் தொடங்கியது. பிரகாஷ் இரண்டாம் சுற்றிலேயே தொடங்கிவிட்டான். அழகாகப் பாடினான். ஆனால் அது ஏற்கெனவே மனப்பாடமாக இருந்த ஒரு காதல் பாட்டு. மருதமுத்து கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"தம்பி, நான் என்ன பொண்ணா? என்னைப் பாத்து மயிலுங்கிற, குயிலுங்கிற!" என்றார் மருதமுத்து. முற்றம் சிரித்தது. மறுபடி சீண்டினார். மூன்று சுற்றும் போயிற்று, பிரகாஷின் வாய் திறக்கவில்லை. "தோல்வி" என்று நான் அறிவித்தேன். அவன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்து பாயை விட்டு இறங்கினான்.

"அவ்வளவுதானா?" மருதமுத்து கையை விரித்தார். "கிளாக்கரையாவுக்குப் பொறகு இந்தப் பாய்க்கு ஆளில்ல. சுருட்டுங்க ஆரோக்கியம். இனி எசப்பாட்டே வேணாம். வருசத்துக்கு ஒரு தரம் ரொட்டி சாப்பிட்டுப் போவோம்."

ஆரோக்கியம் குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தார். அவர் சுருட்டத் தொடங்கிய பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது, முகத்தில் காட்டவில்லை.

"சுலைஹா, நீ எண்ணு" என்றேன்.

மருதமுத்து மீசையைத் தடவிக்கொண்டு பாடினார்.

பூசைக்குப் போற அம்மா பொஸ்தகத்தைக் காணோமே
பொஸ்தகம் இல்லாமப் பாட்டு பொறக்குமா ஒங்களுக்கு?
ஆசையில ஒக்காந்தா ஆறிப்போகும் தேத்தண்ணி
அடுத்த சுத்து வாறதுக்குள்ள அடுப்படிக்குப் போங்கம்மா!

முதல் சுற்று. இரண்டாம் சுற்று. பதில் எனக்கு வந்துவிட்டது. வாய் திறக்குமுன் நான் செய்த காரியத்தை எங்கள் கொன்வென்ட் கொயரில் பாடிய ஒருத்தியைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். எழுந்து நின்றேன். உட்கார்ந்து பாடுகிறவளின் முழங்காலில் பிரம்பால் தட்டும் ஒரு கன்னியாஸ்திரியிடம் பத்து ஆண்டுகள் படித்தவள் நான். தலை நிமிர்த்தி, கைகளைக் கோத்து, மூச்சை இழுத்தேன்.

"எந்திரிச்சுட்டாங்க! எந்திரிச்சுட்டாங்க!" மருதமுத்து இரண்டு கையாலும் தொடையில் அடித்தார். "தோத்தாச்சு! பாடாமலே தோத்தாச்சு!"

தப்பு நின்றது. பிரகாஷ் "ஐயோ அம்மா" என்றான். சுலைஹா வாயில் கை வைத்தாள். பாயைச் சுருட்டினால் அன்றோடு முடிந்தது, என் கணவரின் இடமும் எசப்பாட்டும். பிறகு குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

"மருதமுத்தண்ணே, விதியைச் சொல்லுங்க" என்றேன்.

"எந்திரிச்சா தோல்வி!"

"இல்லை. பாயை விட்டு இறங்கினா தோல்வி. என் கால் ரெண்டும் எங்கே இருக்கு?"

"அது எப்பிடியம்மா? ஒக்காந்துதானே பாடுறது?"

"நீங்க ஒரு வருசம் அட்டை கடிச்சதுன்னு பாட்டு நடுவில எழும்பி நின்னு வேட்டியைத் தூக்கி உதறினீங்களே. அப்போ சுத்து எண்ணினது யார்?"

பதில் சொன்னது ராசம்மா. "நீங்கதாம்மா எண்ணினீங்க. இவர் கால் பாயிலதான் இருக்கு, தோல்வி இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம். அந்த வேட்டி கூட ஞாபகம்."

"நீ யாரு பக்கம்டி?" என்றார் மருதமுத்து.

"நான் ரொட்டி பக்கம்" என்றார் ராசம்மா.

சுலைஹா எழுந்து வந்து, குனிந்து, என் இரு பாதங்களையும் பார்த்தாள். "ரெண்டும் பாய்ல ஈக்கி. தோல்வி இல்ல. மூணாம் சுத்து பாக்கி ஈக்கி. அடிங்க ஆரோக்கியம்!"

தப்பு எழுந்தது. நின்றபடியே பாடினேன்.

எந்திரிச்சு நின்னதுக்கே ஏனிந்தக் கூப்பாடு
ரெண்டு காலும் பாய் மேலே எண்ணிப்பாரு மருதமுத்து!
குந்திக்கிட்டுப் பாடுறவன் கொரலு நிக்கும் வயித்துக்குள்ள
நின்னு பாடும் எம்பாட்டு நிக்குமடா மலை மேலே!

பாயில் இருக்கும்போது அண்ணன் தம்பி மரியாதை இல்லை என்பது பழைய வழக்கம். ஆனாலும் என் வாயிலிருந்து 'மருதமுத்து' என்று வெறும் பெயரும் அதோடு ஒரு 'அடா'வும் வந்ததும் முற்றம் முழுவதும் ஓவென்றது. சமன் படிகளில் உட்கார்ந்து விசிலடித்தார்.

மருதமுத்துவின் முகம் மாறியது. சப்பணத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். இனி அவரும் விளையாட்டுக்குப் பாடப் போவதில்லை.

மலை மேலே நிக்கும் பாட்டைப் பனி வந்து மூடிருச்சு
மருதமுத்து லொறிச் சத்தம் பனிக்கெல்லாம் அஞ்சாது
வளைவெல்லாம் கண்ணை மூடி வண்டி விட்ட கையிது
வாசப்படி தாண்டாத அம்மாவுக்கு என்ன தெரியும்?

என்ன தெரியும் என்று கேட்டிருக்கக் கூடாது. அவர் வாலிபராக இருந்த காலத்தில் ஒரு மழை நாளில் தோட்டத்து லொறி பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்தது, தேயிலைப் பெட்டிகள் உடைந்தன. அது தோட்டம் முழுவதற்கும் தெரியும். அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கே கிளம்பினார் என்பது அவரைத் தவிர எனக்கும் என் கணவருக்கும்தான் தெரியும். தேயிலைச் சாயம் ஏறிய அந்தச் சட்டையோடு அவர் வந்து நின்றது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில். சவர்க்காரம் போட்டுக் கசக்கியது நான். சாயம் போகவில்லை. முதல் சுற்று முடியுமுன்பே தொடங்கினேன்.

கண்ணை மூடி ஓட்டினது காட்டுக்கெல்லாம் தெரியுமே
கானுக்குள்ள சாஞ்ச லொறி கதை கதையாச் சொல்லுமே
பொண்ணு பாக்கப் போட்டு வந்த பால் வெள்ளைச் சட்டையிலே
பொட்டி ஒடைஞ்ச தேத்தூளு சாயம் போட்ட கதை சொல்லவா?

தப்பு சுற்றியது. ஆனால் அதற்கு மேல் கேட்டது ராசம்மாவின் குரல். "என்னது? பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்தாரே அந்த மண் கலர் சட்டை, அதுவா? எனக்குப் புடிச்ச கலருன்னு கேள்விப்பட்டுக் கண்டியில வாங்கினேன்னு சொன்னாரும்மா!"

"அடிப் பாவி, சும்மா இரு" என்று மருதமுத்து சொல்ல முயன்றார். சிரிப்பு அவரை விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பதிலுக்கு வாய் திறந்தார், வந்தது இருமல். சுலைஹா ரபானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு... மூணு... முடிஞ்சி!" என்று கத்தினாள்.

மருதமுத்து பாயை விட்டு இறங்கினார். என் கணவர் அவரை இத்தனை ஆண்டுகளில் இரண்டு முறை வென்றார். நான் முதல் முறையிலேயே வென்றேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

மருதமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தார். "கிளாக்கரையாவுக்கு இந்தக் கதை தெரியுமே. அவர் ஒரு நாளும் பாடலியே?"

"ராசம்மா முன்னால உங்க மானம் போகக் கூடாதுன்னு வச்சிருந்தார். எனக்கு அந்த இரக்கம் கிடையாது."

"தெரியுது, தெரியுது" என்றார். பிறகு ஆரோக்கியத்திடம் திரும்பி, சத்தமாக, எல்லோருக்கும் கேட்க, "அடுத்த வருசமும் எதிர்ப்பாய்ல இவங்கதான். வேற யாரையாவது ஒக்கார வச்சா நான் கடையைத் தொறந்துக்கிட்டு ரத்தோட்டையிலேயே இருந்துருவேன்" என்றார். பிரகாஷ் வந்து, பாட்டுக் கட்டுவது எப்படி என்று கேட்டான். எதிராளியின் பழைய கதைகளைச் சேகரிக்கத் தொடங்கு, குரல் தானாக வரும் என்றேன்.

நான்கரை மணிக்குக் கிளம்பினோம். இருட்டும் முன் சாவடிகளைத் தாண்டிவிடுவது நல்லது. தோட்டத்து வீடுகளில் இரவு தங்குவதானால் வீட்டுக்காரர் பொலிசில் பதிய வேண்டும். அவர்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்காதீர்கள். மாத்தளையில் என்னை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்ட சமன், பேசிய தொகைக்கு மேல் நான் கொடுத்த நூறு ரூபாயை வாங்க மறுத்தார். "நோனா, நான் பாட்டு கேட்டது. அது போதும்." கண்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் உதட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பளிச் சட்டை கட்டாயம். மழைக்குப் பிறகு போனால் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துப் போங்கள். மாத்தளையில் மாசி மகத் தேர் நடக்கும் நாட்களில் இந்தப் பாதையைத் தவிருங்கள், வாகனம் நகராது. ரத்தோட்டையிலேயே தண்ணீர் வாங்கிவிடுங்கள், மேலே கடை இல்லை. நிலைமை சரியில்லை, அமைதி வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருப்பவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நாங்கள் அப்படிக் காத்திருந்திருந்தால் இத்தனை ஆண்டுகளில் ஒரு பாட்டும் பாடியிருக்க மாட்டோம்.

எங்கள் கூட்டத்தைப் பார்க்க வர விரும்பினால் இங்கே எழுதுங்கள், ஆரோக்கியத்திடம் கேட்டுச் சொல்கிறேன். பாடத் தெரிந்தவர்கள் வரலாம், தெரியாதவர்களும் வரலாம். ரொட்டி இருக்கும். மருதமுத்துவின் பாயில் உட்கார ஆசையுள்ளவர்கள் அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். எதிர்ப்பாயை மட்டும் கேட்காதீர்கள். அதில் ஆள் இருக்கிறது.